ஹேண்டில் நேராகிவிட்டது, வண்டி?

கேள்வி: சார், போன ஞாயிற்றுக்கிழமை பழைய மெட்ராஸ் ரோட்டில் டின் ஃபேக்டரி பக்கம் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றுவிட்டது. பிரேக் போட்டும் முன் சக்கரம் ஆட்டோவின் பின்பக்கத்தில் இடித்து, இடதுபக்கமாக விழுந்தேன். வேகம் 25, 30-க்குள்தான் இருக்கும். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். வண்டி 150 சிசி, வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இடது இண்டிகேட்டர் உடைந்தது, கிராஷ் கார்டு உள்பக்கமாக வளைந்தது, ஹேண்டில் கோணலாக நின்றது. வீட்டுப் பக்கத்து மெக்கானிக் முன் சக்கரத்தை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை ஒரு இழுப்பு இழுத்து நேராக்கினார். "ஏனூ ஆகில்ல (ஒன்றும் ஆகவில்லை) சார், தைரியமா ஓட்டுங்க" என்றார். ஓடுகிறது, ஆனால் லேசாக இடதுபக்கம் இழுப்பதுபோல் ஒரு சந்தேகம். அடுத்த வாரம் மனைவியுடன் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் திருவண்ணாமலை போக வேண்டும். போகலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: இந்த ஒரு முறை பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள். "ஓடுகிறது" என்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், உங்கள் வண்டியில் அடி வாங்கியது எஞ்சின் இல்லையே. இண்டிகேட்டரும் கிராஷ் கார்டும் வண்டி கீழே விழுந்ததில் போனவை, கண்ணுக்குத் தெரிகின்றன, மாற்றிவிடலாம். அதற்கு ஒரு நொடி முன்னால் ஆட்டோவில் இடித்தீர்களே, அந்த அடிதான் எனக்குக் கவலை. அது சக்கரத்திலிருந்து, அதை இருபக்கமும் தாங்கும் ஃபோர்க் குழாய்களுக்கு ஏறி, ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டி என்ற கவ்விக்கும், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டுக்கும் போய், கடைசியில் வண்டியின் சட்டமான சேஸிஸின் கழுத்தில் போய் நின்றிருக்கும். அடி போன வழியிலேயே நாமும் கை வைத்துப் பார்த்துக்கொண்டு போனால் எதுவும் தப்பாது.

முதலில் அந்த ஒரு இழுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை, நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் மேலே ஒரு டி, கீழே ஒரு டி இறுக்கிப் பிடித்திருக்கும். இடிக்கும்போது குழாய்கள் வளையாமலே அந்தப் பிடிக்குள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றுவிடுவது உண்டு. அப்போது ஹேண்டில் கோணலாகத் தெரியும், பாகம் எதுவும் கெட்டிருக்காது. ஆனால் அதை எடுக்கிற முறை வேறு. முன் ஆக்ஸில் நட்டு, மட்கார்டு போல்ட், டி-யின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, சக்கரத்தை நேராக்கி, ஃபோர்க்கை நாலைந்து தடவை நன்றாக அமுக்கிவிட்டு, அது தானாக நேராக உட்கார்ந்த பிறகு இறுக்க வேண்டும். போல்ட்டையே தொடாமல் இழுத்தால் ஹேண்டில் பார்க்க நேராக இருக்கும், உள்ளே முறுக்கம் பாதி அப்படியே நிற்கும். உண்மையிலேயே குழாய் வளைந்திருந்தால் அந்த இழுப்பு அதையும் சேர்த்து மறைத்துவிடும். அதனால் மறுபடி போய், "போல்ட்டெல்லாம் லூஸ் பண்ணிட்டு ஒரு தடவை செட் பண்ணுங்கண்ணா" என்று கேளுங்கள். அப்படிச் செய்த பிறகு ஹேண்டில் நேராக நின்றால் அது முறுக்கம், பிரச்சினை பெரும்பாலும் முடிந்தது. அப்போதும் கோணல் என்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, குழாயாகவும் இருக்கலாம், டி-யாகவும் இருக்கலாம்.

குழாய் வளைவது பெரும்பாலும் கீழ் டி-க்குச் சற்றுக் கீழே. வண்டியின் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு குழாய் இன்னொன்றை முழுக்க மறைக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் குரோம் வெடிப்போ பள்ளமோ தட்டுப்படும். பிறகு குழாய்களைத் துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை அமுக்குங்கள். மேலே வரும்போது எங்காவது சிக்கிச் சிக்கி வந்தாலோ, குழாயில் எண்ணெய் வளையம் விழுந்தாலோ விடாதீர்கள். அந்த எண்ணெய் மெதுவாக டிஸ்க்கிலும் பேடிலும் இறங்கினால் பிரேக் பிடிக்காது.

எனக்கே இது நடந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு காரின் பம்பரில் லேசாக இடித்தேன், கீழே கூட விழவில்லை, அதனால் எதையும் பார்க்கவில்லை. இரண்டே மாதத்தில் ஃபோர்க்கில் எண்ணெயைத் தடுத்து வைக்கும் வலதுபக்க ஆயில் சீல் ஒழுகியது, மாற்றினேன், மறுபடி ஒழுகியது. சிவாஜி நகரில் ஒரு வயசான மெக்கானிக் சீலைத் தொடாமல் முதலில் குழாயைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் பலகை மேல் வைத்து உருட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் கீற்றாகத் தெரிந்து மறைந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் அந்தக் குழாய் நேர்தான், நான் சத்தியமே செய்திருப்பேன். பல கம்பெனிகளின் சர்வீஸ் மேனுவலில் இந்தக் குழாய்க்கு அனுமதிக்கிற கோட்டம் 0.2 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் குழாய் உள்ளே உரசி, புஷ்ஷையும் சீலையும் தின்றுகொண்டே இருக்கும், பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் சரியாக வேலை செய்யாது.

பெண்டு எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. என் கருத்து, ஃபோர்க் குழாயில் மட்டும் அந்த வேலை வேண்டாம். வளைந்து நிமிர்ந்த இடத்தில் குரோம் வெடிக்கும், வெடித்த இடத்தில் துரு ஏறும், துரு சீலைக் கிழிக்கும். ஜே.சி. ரோட்டில் உதிரி பாகக் கடைகளுக்குக் குறைவே இல்லை, உங்கள் மாடலுக்கான கம்பெனிக் குழாயாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள். ஒன்றுதான் வளைந்தது என்றால் ஒன்றை மாற்றினால் போதும், ஆயிலும் சீலும் மட்டும் இரண்டு பக்கமும் புதிதாக இருக்கட்டும்.

அடுத்தது கோன் செட். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் உட்கார்வதுபோல் 'டக்'கென்று நின்றால், உள்ளே பால்ஸ் அந்த அடியில் கிண்ணத்தில் குழி போட்டுவிட்டது. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள். குழி விழுந்த கோன் செட்டை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அப்படியே டார்ச் அடித்து, டேங்குக்குக் கீழே சேஸிஸ் கழுத்தின் வெல்டிங் ஓரங்களைப் பாருங்கள். பெயிண்ட் முடிபோல் வெடித்திருந்தாலோ சுருங்கியிருந்தாலோ கீழே இரும்பு நகர்ந்திருக்கிறது. ஹேண்டில் ஒரு பக்கமாக முழுக்கத் திரும்பிப் போய் இடிக்கும் சின்ன நிறுத்தம் ஒன்று கழுத்தில் இருக்கும், அது நசுங்கியிருந்தால் விழுந்தபோது ஹேண்டில் எவ்வளவு பலமாக அடித்தது என்று அதுவே சொல்லிவிடும். கழுத்தில் இதெல்லாம் தெரிந்தால் வீட்டுப் பக்கத்துக் கடையில் வெல்டு வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி அளக்கச் சொல்லுங்கள்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஒரு குச்சியை ஃபோர்க்கில் கட்டி, அதன் முனையை ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்து சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது, பல மேனுவல்களில் 2 மில்லிமீட்டர்தான் எல்லை. அலாயில் விரிசல் தெரிந்தால் வீலையே மாற்றுங்கள், ஒட்டுப்போட்டு ஓட்டும் பொருள் இல்லை அது. ஓட்டும்போது பிரேக் பிடித்தால் லீவர் கையில் துடித்துத் துடித்து வந்தால் டிஸ்க் கோணியிருக்கும். உங்கள் 150 சிசி வண்டியில், பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கும், 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயம். சாவி போட்டதும் எரியும் அதன் மஞ்சள் விளக்கு, வண்டி நகர்ந்து கொஞ்ச தூரத்தில் அணைய வேண்டும். அணையாவிட்டால் முன் சக்கரத்தில் இருக்கும் சென்சாரோ அதன் ஒயரோ அடிபட்டிருக்கலாம்.

இடதுபக்கம் விழுந்ததால் கிளட்ச் லீவரின் அடிப்பகுதியில் வெடிப்பு இருக்கிறதா, கியர் லீவர் உள்ளே வளைந்து எஞ்சினை உரசுகிறதா, அது நுழையும் இடத்தில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கிராஷ் கார்டு பல வண்டிகளில் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டிலேயே மாட்டியிருக்கும், கார்டு வளைந்தால் அந்த போல்ட்டும் சேர்ந்து வளைந்திருக்க வாய்ப்பு உண்டு, கழற்றித்தான் தெரியும். கடைசியாக, வண்டியை நிறுத்திவைத்து, நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் தானாக ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அதைச் சரிசெய்யாமல் தெருவுக்கே எடுக்காதீர்கள்.

அந்த இடதுபக்க இழுப்புக்கு வருகிறேன். நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும், இடது ஓரமாகப் போகும் எந்த வண்டியும் கொஞ்சம் இடதுபக்கம் இறங்கத்தான் பார்க்கும். ஆகவே ரோட்டில் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். வீட்டிலேயே ஒரு நூல் எடுத்து, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டி முன்னால் வரை இழுத்துப் பிடியுங்கள். முன் டயர் அகலம் குறைந்தது, அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அது இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அளவு மாறினால், பின் ஆக்ஸிலில் செயின் டைட் பண்ணும் கோடுகள் இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல சமயம் தப்பு அங்கேதான் இருக்கும். அது சரியாக இருந்தும் நூல் ஒத்துவரவில்லை என்றால் முன்பக்கம் அல்லது சேஸிஸ். நூல் சரியாக இருந்தால் சமதளமான காலி மைதானத்தில் 20, 30 வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கையை விட்டு ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

இத்தனையும் தேறினால்கூட முதல் 200 கிலோமீட்டரை ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் 80-இல் போகும்போது முன் சக்கரம் ஆடத் தொடங்கினால், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள உங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கேள்வி: 2023-இல் வண்டி வாங்கும்போதே 5 வருட இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டேன். போன வாரம் சிக்னலில் ஒரு கார் பின்னாலிருந்து இடித்துவிட்டுப் போய்விட்டது. கிளெய்ம் செய்யலாமா, சின்னச் செலவுக்கு வேண்டாம் என்கிறார்களே?
– ஒரு வாசகி, மடிவாளா, பெங்களூரு

பதில்: பாலிசியை எடுத்து இரண்டு தேதிகளைப் பாருங்கள் அம்மா. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு 5 வருடம் கட்டாயம் என்பது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி மட்டும். உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும், வருடா வருடம் நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். 5 வருடம் கட்டியாச்சு என்ற நம்பிக்கையில் அதை விட்டுவிட்டு, அடிபட்ட பிறகு தெரிந்துகொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பகுதி உயிரோடு இருந்தால், முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள், பிறகுதான் வண்டியைப் பிரிக்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுத்திருந்தால் தவிர. கிளெய்ம் செய்தால், கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் 50 வரை ஏறும், அதுவும் சொந்த சேதப் பகுதியின் பிரீமியத்தில் மட்டும். டூவீலருக்கு அந்தத் தொகையே பெரிதாக இருக்காது. வெறும் இண்டிகேட்டர், டெயில் லேம்ப் என்றால் கைக்காசில் போட்டுவிடுங்கள். பின் ரிம்மோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோ கோணியிருக்கும் என்று தோன்றினால் தயங்காமல் கிளெய்ம் செய்யுங்கள். பிரித்த பிறகு புதிதாக ஏதாவது சேதம் தெரிந்தால், மாற்றுவதற்கு முன், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்கு மறுபடி சொல்லிக் காட்ட வேண்டும், மாற்றிவிட்டுப் பில்லைக் காட்டினால் தகராறுதான்.

கேள்வி: கீழே விழுந்ததில் ஹெல்மெட் ரோட்டில் தட்டியது. வெளியே கீறல் மட்டும். தொடர்ந்து போடலாமா?
– கல்லூரி மாணவர், அல்சூர், பெங்களூரு

பதில்: தலையோடு சேர்ந்து தட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள் தம்பி. ஹெல்மெட் உள்ளே தெர்மாகோல் மாதிரி ஒரு அடுக்கு இருக்கிறது, அது நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது, ஒரு தடவை நசுங்கினால் பழையபடி உப்பாது. மேல் ஓடு பளபளவென்று இருந்தாலும் அந்த இடத்தில் அடுத்த அடியைத் தாங்க ஆள் இல்லை. புதிதாக வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழையதைத் தூக்கிப் போடும் முன் அதன் வாரை அறுத்துவிடுங்கள், பழைய சாமான் கடையிலிருந்து இன்னொருவர் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் இருக்கட்டும்.