சாய்வு மாறினாலும் மட்டமாக நிற்கும் படிகள்: கேள்வி பதில்

பட்டறையில் இரும்புப் படிக்கட்டு செய்பவன் நான். உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, போல்ட் முடுக்கியே நிறுத்திவிடக்கூடிய படிக்கட்டு பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

படிக்கட்டை ஏன் ஐயா கூட்டிக் குறைக்க வேண்டும்? தளத்தின் உயரம் மாறப்போவதில்லையே? (திருச்சி)

மாறாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கட்டடம் முடியும் முன்பே அளவெடுத்துப் படிக்கட்டு செய்துவிடுவோம். அதன் பிறகு கீழே கலவை போட்டு டைல்ஸ் பதிப்பார்கள். தரை 5 செ.மீ. உயர்ந்துவிடும். மாடியில் அந்த வேலை நின்றுபோயிருக்கும். இப்போது முதல் படி மட்டும் குட்டை. நம் கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அதன் பிறகு கண் பார்ப்பதில்லை. ஒரு படி மட்டும் வேறுபட்டால் தடுக்கி விழுவது அதனால்தான். அமெரிக்கக் கட்டட விதியில் ஒரே வரிசையில் உள்ள படிகளுக்குள் 9.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது.

ஆக, கூட்டிக் குறைக்கும் வசதி பொருத்தும் நாளுக்கானது. ஒரே ஒரு முறை சரிசெய்து, இறுக்கி, மறந்துவிட வேண்டும். தினமும் மாற்றலாம் என்று யாராவது விற்க வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

சாய்வை மாற்றினால் படிப்பலகையும் சேர்ந்து சாயாதா? (ஈரோடு, ஜவுளிக் கடை)

துறைமுகத்தில் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பார்த்திருக்கிறீர்களா? அலை ஏற்றத்துக்கும் சரக்கின் பாரத்துக்கும் ஏற்பக் கப்பல் ஏறி இறங்கும். ஏணியின் சாய்வும் மாறும். சில ஏணிகளில் படிகள் தாமே திரும்பி மட்டமாக நிற்கும். அதே சூத்திரத்தைக் கடையின் இடைத்தளத்துக்கும் கொண்டுவரலாம்.

இரு பக்கமும் ஒவ்வொன்றாக 100 மி.மீ. சி சேனல், அதாவது C வடிவ இரும்புச் சட்டம். அதற்கு மேலே, அதற்கு இணையாக ஒரு தட்டைப் பட்டை. ஒவ்வொரு படியின் இரு முனையிலும் செங்குத்தான ஒரு தகடு. அதில் மேலும் கீழுமாக 120 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள். கீழ்த் துளையின் போல்ட் சேனலில், மேல் துளையின் போல்ட் பட்டையில். சாய்வு எதுவானாலும் எல்லாத் தகடுகளும் ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். மேலே உத்திரத்தில் மாட்டும் முதல் தகட்டைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். மற்ற படிகள் அத்தனையும் தாமாகவே மட்டமாகிவிடும். முதன்முதலில் இதைச் செய்தபோது ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாக ஓடியது நினைவிருக்கிறது. ஒன்றையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

பாரம் தாங்குவது சேனல். பட்டை வழிகாட்டி மட்டுமே.

அளவு சொல்லுங்கள். எவ்வளவு உயரம் வரை கூட்டலாம்? (மதுரை)

இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்குச் சொல்வது: படி உயரம் 190 மி.மீ.க்கு மிகாமல், மிதி அகலம் 250 மி.மீ.க்குக் குறையாமல். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் புளோந்தல் ஒரு கணக்குச் சொன்னார்: படி உயரத்தின் இரு மடங்கையும் மிதி அகலத்தையும் கூட்டினால் மனிதனின் ஓர் எட்டு வர வேண்டும். இன்று அதை 600 முதல் 640 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறோம்.

சேனலில் துளைக்குத் துளை 314 மி.மீ. வையுங்கள். சாய்வு 32 டிகிரியானால் படி உயரம் 166, மிதி 266. கூட்டினால் 598, ஏறக்குறைய சரி. 37 டிகிரியில் உயரம் 189, மிதி 251, கூட்டினால் 629. தரையிலிருந்து மேல்தளம் வரை 15 ஏற்றம் வைத்தால் மொத்த உயரம் 2.50 மீட்டரிலிருந்து 2.83 மீட்டர் வரை போகும். வித்தியாசம் ஏறக்குறைய முக்கால் முழம். டைல்ஸ்காரர் செய்யும் எந்தக் குளறுபடிக்கும் இது போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். உயரம் கூடினால் படிக்கட்டின் அடி மேல்முனை இருக்கும் பக்கமாக நகரும். மேற்சொன்ன எல்லைக்குள் 20 செ.மீ.க்கு மேல் நகர்கிறது. ஆகவே அடித்தகட்டுக்குத் தரையில் துளையிடுவது கடைசி வேலை.

நானும் பட்டறைக்காரன்தான். இதே மாதிரி ஒன்று செய்தேன். பாதிச் சாய்விலேயே இறுகிவிட்டது, அசைக்க முடியவில்லை. (சேலம்)

துளைகளைத் தனித்தனியாக அளந்து போட்டிருப்பீர்கள். நானும் பட்டிருக்கிறேன். ஒரு தகட்டில் 120, அடுத்ததில் 122 என்று இருந்தாலே போதும், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அன்று சுத்தியல் எடுத்துத் தட்டித் தட்டி ஒரு போல்ட்டை வளைத்ததுதான் மிச்சம்.

தகடுகளை அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, நாலைந்தாகச் சேர்த்து ஒரே துளையாகப் போடுங்கள். அந்த முதல் அடுக்கில் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றையும் அதன் வழியே துளையுங்கள். சேனலையும் பட்டையையும் அதே போல் ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டித் துளைக்க வேண்டும். 12 மி.மீ. போல்ட்டுக்கு 12.5 துளை, 14 போட்டால் எளிதாக மாட்டும், ஆனால் நடக்கும்போது கடகடவென்று ஆடும். இடையில் நைலான் வாஷர், வெளியே நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாத நட்).

வெல்டிங் இல்லாமல் நாங்களே மாட்ட முடியுமா? (கோவை)

தகடு, படிச்சட்டம் வெல்டிங் பட்டறையிலேயே முடிந்துவிட வேண்டும். வீட்டுக்கு வருவது சேனல் இரண்டு, பட்டை இரண்டு, படிகள், ஒரு பை நிறைய போல்ட். 4.7 மீட்டர் சேனல் ஒன்று சுமார் 45 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம். எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி நிறுத்துங்கள், உயரம் சரியாக வந்த பிறகே ஸ்பானர் எடுங்கள். முதல் போல்ட்டையே முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த துளை சேரவில்லை என்று பலர் தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

தளர்ந்திருக்கும்போது படிகளுக்கு இடையில் விரலை வைக்க வேண்டாம். பாக்குவெட்டிதான்.

வளைவுப் படிக்கட்டில் இதைச் செய்யலாமா? (யாழ்ப்பாணம்)

இன்னும் எளிது. நடுக் கம்பத்தில் படிகளை மணி கோத்தது போலக் கோக்கிறோம். படிக்கும் படிக்கும் நடுவே ஒரு குழாய்த் துண்டு. 12 படிகளுக்கு மொத்தம் 48 மி.மீ. கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டின் மேலும் 4 மி.மீ. வளையம் ஒன்று. அவ்வளவே. பீரோ ஏற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் வளைவுப் படிக்கட்டு வேண்டாம்.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. படிகளுக்கு நடுவே திறந்திருப்பது பயமாக இருக்கிறது. (சென்னை)

பயம் நியாயமானது. குழந்தையின் தலை நுழையாதிருக்க எந்த இடைவெளியும் 4 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 189 உயரத்தில் பலகைக் கனம் 40 போனால் 149 மிஞ்சுகிறது, அதாவது கிட்டத்தட்ட 6 அங்குலம். ஒவ்வொரு பலகையின் பின் விளிம்பிலும் கீழ்நோக்கி 60 மி.மீ. பட்டை ஒன்று வைத்தால் அடைபடும். கைப்பிடிக் கம்பிகள் படிக்கு மூன்று வையுங்கள். கைப்பிடியும் மூன்றாவது இணைப் பட்டைதான். கம்பிகளின் தலையில் போல்ட் வைத்தால் சாய்வோடு அதுவும் சேர்ந்து வரும்.

மரத்தில் செய்யலாமா? (நாகர்கோவில்)

பலகை மட்டும் மரம். போல்ட் திரும்பும் இடத்தில் மரம் வைத்தால், இரண்டு மழைக்காலம் போனதும் துளை முட்டை வடிவாகிவிடும்.