நிரல்மொழி வெளியீட்டில் எதை முதலில் உறுதி செய்வது: தேதியா, வசதிகளா?

கோவையில் சிறு குழுவாக நிரல்மொழி உருவாக்கும் நீங்கள், அடுத்த வெளியீட்டுக்குத் தேதியை உறுதி செய்வதா, வசதிகளை உறுதி செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். தேதியைத்தான் என்பதே என் திடமான கருத்து. ரஸ்ட் மொழி 6 வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. முதிராத வசதி அடுத்த முறைக்குத் தள்ளப்படுமே தவிர, அதற்காக வெளியீடு காத்திருப்பதில்லை. பழைய நிரல்களோடு முரண்படும் மாற்றங்களை 2018, 2021, 2024 எனத் தனிப் பதிப்புகளில் சேர்த்து, விரும்புவோர் மட்டும் மாறிக்கொள்ளும்படி அமைத்தார்கள். மாறாக, 2008-இல் வந்த பைத்தான் மொழியின் 3-ஆம் பதிப்பு (பைத்தான் 3) பழைய நிரல்களோடு ஒத்துப்போகாததால், பைத்தான் 2-க்கான ஆதரவை 2020 வரை நீட்டிக்க நேர்ந்தது. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்று தன் கணக்கு மென்பொருளை உங்கள் மொழியில் எழுதியிருந்தால், ஏற்றுமதி நெருக்கடிக்கு நடுவே அதை மாற்றி எழுத அவர்களுக்கு நேரமிராது. ஆகவே புதிய வசதிகளைப் பட்டியலிடும் முன்பாக, எந்தப் பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்கும் என்ற உறுதிமொழியை எழுதுங்கள். கோ மொழி 2012-இல் தன் முதல் பதிப்போடு அத்தகைய உறுதிமொழியை வழங்கியது.