இயர்பட்ஸ் கவர்: முதலில் மூடியைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்பட்ஸ் இருக்கிறது. ஜீன்ஸ் பாக்கெட்டில் சாவியோடு போட்டுக்கொண்டு பைக்கில் போவேன். போன மாதம் பெட்ரோல் பங்கில் அதன் சார்ஜிங் கேஸ் கீழே விழுந்து, மூடி திறந்து, ஒரு பட் வண்டிக்கு அடியில் உருண்டுவிட்டது. சிலிகான் கவர் போதுமா, கெட்டிக் கவர் வேண்டுமா? கவரோடு வயர்லெஸ் சார்ஜ் ஏறுமா? - மதுரை வாசகர்

பதில்: கீறலை விடுங்கள். உங்களுக்கு ஆபத்து மூடியில்தான். அதை மூடி வைத்திருப்பது வெறும் காந்தம்; மூலையில் அடிபட்டால் திறந்துகொள்ளும். திறந்த மூடி தரையில் மோதினால் கீல் தளர்ந்துவிடும். மெல்லிய சிலிகான் அடியைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் மூடியைப் பிடித்து வைக்காது. அதனால் முன்பக்கம் பூட்டுக் கொக்கி உள்ள கெட்டிக் கவரையே வாங்குங்கள்.

பல கவர்கள் இரண்டு துண்டாக வரும். மேல் துண்டைப் பிடித்திருப்பது இருபக்க டேப். நம் ஊர் வெயிலில் பசை இளகி, மூடித் துண்டு மட்டும் கையோடு வந்துவிடும். ஒட்டும் முன் கேஸின் மூடியில் விரல் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். ஒட்டியபின் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

முதல் தலைமுறை ப்ரோவின் கவரைக் காட்டி, ‘ரெண்டுக்கும் ஒண்ணுதான் சார்’ என்று கடையில் சொல்லலாம். வாங்காதீர்கள். ப்ரோ 2 கேஸின் அடியில் ஸ்பீக்கர் துளைகள் உண்டு. அவை மூடிக்கொண்டால், தொலைந்த கேஸைத் தேட ஒலி எழுப்பும்போது சத்தம் அமுங்கிவிடும். பக்கவாட்டில் கயிறு மாட்டும் இடமும் திறந்திருக்க வேண்டும்.

வயர்லெஸ் சார்ஜ் ஏறும். இரண்டு மில்லிமீட்டர் சிலிகானோ பிளாஸ்டிக்கோ தடையில்லை. உலோகக் கவர் வேண்டாம். தொங்கும் வளையம் சார்ஜருக்கும் கேஸுக்கும் நடுவே சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவர் போட்டதால் மழையில் நனையலாம் என்று நினைக்காதீர்கள். தூசி, நீர் தடுப்புக்கான தரக் குறியீடு 2022 மாடலுக்கு ஐபிஎக்ஸ்4, 2023-இல் வந்த டைப்-சி மாடலுக்கு ஐபி54. நீரைப் பொறுத்தவரை இரண்டும் தெறிப்பை மட்டுமே தாங்கும். மழை நாளில் ஜிப் உறைக்குள் போடுங்கள்.

சாவியை வேறு பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். மை தீற்றியதுபோல் மெல்லிய கருப்புக் கோடு தெரிந்தால், அது காந்தம் இழுத்துச் சேர்த்த இரும்புத் தூசாக இருக்கலாம். ஊதினால் உள்ளேதான் போகும். கேஸைத் தலைகீழாகப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள்.