திருமலைக்கு எப்போது வரலாம்? கேட்டதும் சொன்னதும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையில் (எங்களுக்குச் சுருக்கமாகத் திருமலை) பிறந்து வளர்ந்தவன் என்பதால் பயணத் திட்டம் போடுகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். இந்த முறை வந்த கேள்விகள் இவை.

டிசம்பரில் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. சென்னையிலிருந்து வரலாமா? இலங்கைக்கு அதுதான் சீசன் என்கிறார்களே?

தெற்குக் கரையிலுள்ள காலிக்கும் மிரிஸ்ஸவுக்கும் அது சரி. எங்களுக்கு நேர்மாறு. உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற அதே வடகீழ்ப் பருவமழைதான் இங்கேயும். நவம்பரிலும் டிசம்பரிலும் உச்சம், ஜனவரிக்குள்ளும் இழுக்கும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் கரையேறியது எங்களுக்கு வடக்கே, முல்லைத்தீவுக்குப் போகும் கரையில்தான். ஒரு டிசம்பரில் என் மச்சான் குடும்பம் எங்கள் நிலாவெளிக் கடற்கரையில் கடல் தெரிகிற அறை எடுத்தது. மூன்று நாளும் ஜன்னலுக்கு வெளியே பழுப்புத் தண்ணீர். படகுகளை மணலில் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அறைக்குள் கேரம் விளையாடிவிட்டுத் திரும்பினார்கள். டிசம்பர்தான் வசதி என்றால் தெற்குக் கரைக்குப் போங்கள்.

அண்ணா, அப்படியானால் எந்த மாதம்தான் நல்லது?

மே முதல் செப்டெம்பர் வரை என்று எல்லாரும் சொல்வார்கள். தவறில்லை. தென்மேல் மழை மலைநாட்டிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மலை தாண்டி எங்களுக்கு வருவது வறண்ட காற்று. கடல் குளம் மாதிரிக் கிடக்கும். சீசன் தொடங்கியதா என்று பார்க்க நாங்கள் நாட்காட்டியைப் புரட்டுவதில்லை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தங்கள் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் இந்தக் கரைக்கு வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, போடுவார்கள். கரையில் வாடி எழும்பிவிட்டால் சரி, நீங்களும் வரலாம்.

என்னைக் கேட்டால் மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் வாரமும். மழை விட்ட பச்சை இன்னும் காயாது, வெயில் முழுதாக ஏறாது, அறை வாடகையும் ஏறாது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்பே திரும்பிவிடுங்கள். அந்த வாரம் கொழும்பே இங்கேதான் இருக்கும்.

லண்டனிலிருந்து ஜூலையில் வருகிறோம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. வெயில் தாங்குமா?

தங்கச்சி, கச்சானைக் கணக்கில் வையுங்கள். வறுத்த கடலையைச் சொல்லவில்லை, மலை தாண்டி வரும் அந்த வறண்ட காற்றைச் சொல்கிறேன். பகலில் உதடு வெடிக்கிற மாதிரி அடிக்கும். 35 பாகை சர்வசாதாரணம். கோணேசர் கோவிலுக்கு விடியற்காலையில் கூட்டிப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், பதினொரு மணிக்குப் பிறகு அந்தக் கல் தரையில் கால் வைக்க முடியாது. கோவிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாசலைத் தாண்டினால் புள்ளிமான்கள் மரநிழலில் நிற்கும். அப்பா அங்கேயே அரைமணி நேரம் நின்றுவிடுவார், அவசரப்படுத்த வேண்டாம். மதியம் அறை. நாலு மணிக்கு மேல் உப்புவெளிக் கடற்கரை.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் சுறா இருக்கிறதாமே, பிள்ளைகளை இறக்கலாமா? எப்போது போவது?

இருக்கிறது, கருந்துடுப்புச் சுறா. ஆளைக் கண்டால் அதுதான் ஓடும். காலையில் முதல் படகில் போங்கள். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். 2003 முதல் அது தேசியப் பூங்கா. பவளப்பாறையில் நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

திமிங்கிலம்?

மே முதல் ஆகஸ்ட் வரை. கரைக்குப் பக்கத்திலேயே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால், அதிர்ஷ்டம் இருந்தால் கோவில் குன்றிலிருந்தே நீலத்திமிங்கிலத்தின் நீர்த்தூவல் தெரியும். மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

வருடத்தில் மூன்று மாதம் இப்படிக் கடல் கொந்தளித்தால், இதை எப்படி உலகின் சிறந்த துறைமுகங்களில் ஒன்று என்கிறார்கள்?

நல்ல கேள்வி ஐயா. கொந்தளிப்பதால்தான்! பாய்மரக் காலத்தில், வடகீழ்க் காற்று தொடங்கினால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல் ஒதுங்க இடமே கிடையாது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகமும் இல்லை, திறந்த கடலில்தான் நங்கூரம். அக்டோபர் வந்தால் ஆங்கிலேயக் கடற்படை பம்பாய் வரை ஓட வேண்டியிருந்தது. திருமலையின் உள்துறையோ நிலம் சூழ்ந்தது, ஆழமும் உண்டு. வெளியே எந்தக் காற்று அடித்தாலும் உள்ளே கப்பல் அசையாது. அதனால்தான் 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து (டச்சுக்காரர்) ஆங்கிலேயர் பிடிக்க, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்து, பிறகு ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் மறுபடி ஒல்லாந்தரிடமிருந்து எடுத்தார்கள். நீங்கள் குளிக்கப் போகும் நிலாவெளி திறந்த கடலைப் பார்த்தபடி இருக்கிறது. துறைமுகம் உள்ளே ஒளிந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு தண்ணீர்.

கொழும்பில் வேலை. போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்த நீண்ட வார இறுதி மட்டும்தான் கிடைக்கும்.

ரயில் இருக்கையை முன்பே பதிந்துவிடுங்கள். போயா அன்று மதுவும் இறைச்சியும் விற்க மாட்டார்கள், பிறகு என்னைத் திட்டாதீர்கள். ஆகஸ்ட், செப்டெம்பர் என்றால் வாகனத்தில் வாருங்கள். வழியில் மின்னேரியாக் குளத்தில் யானைக் கூட்டம் நிற்கும்.

உறவினர் கல்யாணம், டிசம்பரில் வந்தே ஆக வேண்டும். என்ன செய்வது?

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போங்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஆகஸ்ட் வெயிலில் அங்கே போய் வெந்நீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். மழை தூறும்போது வாளியில் அள்ளித் தலையில் ஊற்றிப் பாருங்கள், உடம்பில் ஆவி பறக்கும். மாற்று உடுப்பும் குடையும் மறக்க வேண்டாம்.