கடல் பார்க்க வரும் அம்மாவுக்கு அங்கேயும் அடுப்படியா?

கேள்வி: சுவிஸில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து என் அம்மா (71) மூன்று மாத விசாவில் ஜூலை 20 வருகிறார். ஓகஸ்டில் ஒன்பது நாள் கிரேக்கத்துக்குப் போய், சனம் அதிகம் போகாத ஃபோலேகாண்ட்ரோஸ், அனாஃபி, அமோர்கோஸ் ஆகிய மூன்று தீவுகளையும் பார்த்துக் களைப்பாற ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார். அறையில் இருந்து சமைத்து வைப்பார், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். எந்தத் தீவில் எத்தனை நாள் தங்கலாம்?
– வாசகர், பேர்ண்

பதில்: தம்பி, நாள் கணக்கு பிறகு. ‘அறையில் இருந்து சமைத்து வைப்பார்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. அம்மா சமைத்தால்தான் உங்களுக்குக் களைப்பாறல். அப்படியானால் களைப்பாறப் போவது நாலு பேர், வேலைக்குப் போவது ஒருவர். ‘அவரே விரும்பித்தான் செய்கிறார்’ என்று பதில் எழுதாதீர்கள். மகன் வீட்டில் சும்மா இருக்கக் கூச்சப்படுகிறவர் வேறென்ன சொல்வார்? பெற்ற தாயைக் கூட்டிப் போனால் அது அவருக்கும் விடுமுறையாக இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நீங்கள் சொன்ன தீவுகள் அழகானவை. ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு உகந்தவை அல்ல. ஃபோலேகாண்ட்ரோஸின் ஊர் துறைமுகத்துக்கு மேலே மலை விளிம்பில் இருக்கிறது. அமோர்கோஸில் எல்லோரும் பார்க்கப் போகும் மடாலயத்துக்கு ஏறக்குறைய 300 படி. கப்பல் சில நிமிடம்தான் துறையில் நிற்கும். அதற்குள் பெட்டியோடு உள்படிக்கட்டால் வாகனத் தட்டுக்கு இறங்கி நிற்க வேண்டும். ஓகஸ்டில் அந்தக் கடலில் ‘மெல்டெமி’ என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும். காற்று மிஞ்சினால் முதலில் வேகப்படகுகளை நிறுத்துவார்கள், பிறகு பெரிய கப்பல்களையும். அனாஃபிக்குக் கப்பல் தினமும் இல்லை. ஒன்று தவறினால் திரும்பும் விமானமும் போய்விடும்.

ஒரே தீவு, ஏழு இரவு என்று மாற்றுங்கள். நான் சொல்வது மால்டா நாட்டைச் சேர்ந்த கோசோ தீவு. அதுவும் ஓகஸ்டில் வேண்டாம், வெக்கை தாங்காது. ஒக்டோபர் முதல் வாரம், பிள்ளைகளின் இலையுதிர்கால விடுமுறையில் போங்கள். கடல் அப்போதும் 23, 24 பாகை இருக்கும். இடையில் ஒரு நாள் இடிமழை வரலாம், அவ்வளவுதான். சுவிஸைப் போல மால்டாவும் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளுக்குள், இருப்பதால் தனி விசா தேவையில்லை. ஆனால் மூன்று மாதம் என்பது 90 நாள், வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் சேரும்: 90ஆவது நாள் ஒக்டோபர் 17. விசாவில் எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள், குறைவாகவும் இருக்கலாம். விசாவுக்குக் கட்டும் காப்புறுதி, குறைந்தது 30,000 யூரோ, எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்ல வேண்டும். பழைய முழங்கால் நோவுக்கு அதில் பெரும்பாலும் பணம் வராது. மருந்தும் முழங்கால் பட்டியும் கையோடு இருக்கட்டும்.

மால்டா விமான நிலையத்திலிருந்து சிர்க்கெவ்வா துறைக்கு டாக்சி பிடியுங்கள். அங்கிருந்து பெரிய கப்பலில் 25 நிமிடம். முன்பதிவு இல்லை, திரும்பும்போதுதான் கட்டணம். வலெட்டாவிலிருந்து வேகப்படகும் உண்டு. ஆனால் அலை கூடினால் அது நின்றுவிடும், அம்மாவுக்கும் குலுக்கல்.

தங்குமிடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோசோவின் பழைய கல் பண்ணைவீடுகளைப் படத்தில் பார்த்தால் மயங்கிப்போவீர்கள், ஆனால் படுக்கையறை மாடியில், ஏறுவது ஒடுங்கிய கல்படியில். மார்சல்ஃபோர்னில் அல்லது ஷ்லெண்டியில் கடலைப் பார்த்த, லிஃப்ட் உள்ள அடுக்குமாடி எடுங்கள். ‘லிஃப்ட் உண்டு’ என்ற பதிலோடு விடாதீர்கள். தெருவிலிருந்து லிஃப்ட் வாசல்வரை எத்தனை படி, குளிப்பறையில் தொட்டியா, தரையோடு சமமான ஷவரா என்று எழுதிக் கேளுங்கள். தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முழங்கால் விடாது.

மார்சல்ஃபோர்னிலிருந்து உப்பளங்கள்வரை கரையோரப் பாதை பெரும்பாலும் சமதரை. மாலையில் அம்மாவோடு மெல்ல நடக்கலாம். கடல்நீரைக் காய வைத்து உப்பெடுக்கப் பாறையில் வெட்டிய பாத்திகளைப் பார்க்க அவருக்கு நிச்சயம் பிடிக்கும். கால் நனைக்க ராம்லாவின் செம்மணல் கரை. வடகாற்று அடிக்கும் நாளில் அங்கே நீரோட்டம் இழுக்கும், சிவப்புக் கொடி கண்டால் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

சாப்பாடு? சோறில்லாமல் அம்மாவுக்குச் சரிவராது என்றால் சின்ன ரைஸ் குக்கரும் மிளகாய்த்தூளும் கொண்டுபோங்கள். மால்டாவில் பிரித்தானிய மூன்று முனைச் செருகி, சுவிஸ் செருகி நுழையாது, அடாப்டர் வேண்டும். அந்தக் குக்கரைப் போடுவது நீங்கள். பிள்ளைகளை ஒரு மாலை நீங்களும் மறுமாலை மனைவியும் பாருங்கள், மற்றவர் அம்மாவோடு வெளியே போகட்டும்.

பயணச்சீட்டு எடுக்கும் முன் இன்றிரவே அம்மாவுக்குத் தொலைபேசி எடுங்கள். எத்தனையாவது படியில் முழங்கால் நோகத் தொடங்குகிறது என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தங்குமிடக்காரருக்கு எழுதுங்கள்.