முழுவெட்டுக்குப் பின்னும் மர இனங்கள் குறையவில்லையா? பட்டமரத்தை எண்ணுங்கள்

ஸ்வீடன் தரவை வைத்துச் சென்னையிலிருந்து ப்ராஜெக்ட் செய்கிறீர்கள். முழுவெட்டு, அதாவது ஓரிடத்து மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டுவது, நடந்த இடத்திலும் மர இன எண்ணிக்கை குறையவில்லை என்கிறீர்கள். குறையாதுங்க. அங்கே மர இனங்களே சொற்பம், வெட்டியதும் பைன், ஸ்ப்ரூஸ் நட்டுவிடுவார்கள். அடி வாங்குவது பட்டமரத்தை நம்பியிருக்கும் பூஞ்சையும் வண்டும்தான். ஃபின்லாந்தில் காட்டு உயிரினங்களில் ஏறத்தாழ கால்பங்கு அப்படிப்பட்டவை.

அதனால் ஹெக்டேருக்கு எத்தனை கன மீட்டர் பட்டமரம் என்று பாருங்கள். 20–30க்குக் கீழே போனால் பல இனங்கள் தாங்காது. நின்றது, விழுந்தது, மக்கிய நிலை என மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். மொத்தமாகக் கூட்டினால் புதுக் கட்டைகள் கணக்கை ஏமாற்றும். நடவுக்கு மண் கிளறும் இயந்திரம் பழைய கட்டைகளை நொறுக்குவதையும் கவனியுங்கள். கிண்டிக் காட்டை அளவுகோலாக்க வேண்டாம்: இங்கே கரையான் வேகமாகத் தீர்த்துவிடும், அங்கே பல பத்தாண்டுகள் கிடக்கும். ஒப்பிட, கனடாவின் ஆல்பர்ட்டாவில் வெவ்வேறு அளவு மரங்களை விட்டுவைத்து வெட்டிப் பார்க்கும் எமெண்ட் (EMEND) சோதனை இருக்கிறது.