கேம்பர்வேனில் ஸ்காட்லாந்துத் தீவுகள்: எந்த வண்டி, என்ன சட்டம்?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். ஜூலையில் மனைவி, 7, 10 வயதுப் பிள்ளைகளோடு ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையையும் லூயிஸ், ஹாரிஸ் என்ற தீவுப் பகுதிகளையும் கேம்பர்வேனில் (உள்ளேயே படுத்து, சமைத்துக்கொள்ளும் வேன்) சுற்ற ஆசை. வாடகைக்கு இரண்டு வண்டிகள் பார்த்திருக்கிறோம். ஒன்று 7.2 மீட்டர், ஆறு பேர் படுக்கலாம். மற்றது 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, நான்கு பேர். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியதையே எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வாடகைக் கடையின் முற்றத்தில் நின்று பார்க்கும்போது பெரிய வண்டிதான் லாபமாகத் தெரியும். ஃபெரி ஏறும் அல்லபூல் துறைமுகத்தைத் தொட்ட பிறகு அந்தக் கூடுதல் நீளத்துக்குத் தினமும் ஏதாவது ஒரு விதத்தில் காசோ நிம்மதியோ கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் ஃபெரி. அந்தப் பக்கத் தீவுகளுக்கு ஓடுவது கேல்மேக் நிறுவனத்தின் கப்பல்கள். அல்லபூலிலிருந்து லூயிஸின் ஸ்டோர்னோவேக்கு ஒன்று, ஸ்கை தீவின் யூயிக்கிலிருந்து ஹாரிஸின் டார்பர்ட்டுக்கு ஒன்று. வண்டிக்கு இடம் ஒதுக்குவதே நீளத்தைக் கணக்குப் பார்த்துத்தான். பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டும் அந்த நீளத்தில் சேர்த்தி. வாடகைக் கம்பெனியிடம் எல்லாம் சேர்த்து மொத்த நீளம், உயரம் இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அதையே டிக்கெட்டில் போடுங்கள். கோடையில் பெரிய வண்டிகளுக்கான இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் ஃபெரியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம்தான் வண்டிக்கு முன்பணம், ஆபீஸில் லீவு எல்லாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள்.

அடுத்தது சாலை. 2015-இல் விளம்பரப்படுத்தத் தொடங்கிய நார்த் கோஸ்ட் 500 என்பது இன்வர்னெஸில் தொடங்கி அங்கேயே முடியும் 516 மைல் சுற்றுலாச் சாலை. அதில் பல இடங்களில் ஒரே வண்டி போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால், இடப்பக்கம் ஒதுங்குமிடம் இருந்தால் அதில் நுழைய வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நம் தடத்திலேயே நின்று அவரை ஒதுங்க விட வேண்டும். அந்த ஒதுங்குமிடத்தில் ஒரு கார் தாராளமாக நிற்கும். 7 மீட்டர் வண்டியின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவர் உள்ளூர் நர்ஸாகவோ ஃபெரியைப் பிடிக்க ஓடுகிறவராகவோ இருப்பார். அவருக்கும் ஒதுங்கி வழிவிடத்தான் அந்த இடம். டீ போடவும் படம் எடுக்கவும் அல்ல.

அந்த வழியில் ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்கு ஏறும் பெலக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம் போகிறது. கொண்டை ஊசி வளைவுகள், ஐந்துக்கு ஒன்று என்ற சரிவு. பெரிய வண்டிகளும் கேரவன்களும் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். நீங்கள் எந்த வண்டியை எடுத்தாலும் ஷீல்டெய்க் என்ற ஊரிலிருந்து கடலோரமாகச் சுற்றிப் போங்கள். நேரம் ஆகும், காட்சிக்குக் குறைவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்றால் ஆறு பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று அர்த்தமில்லை. பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனை, அவற்றில் பிள்ளைகளின் கார் சீட்டைப் பொருத்த முடியுமா என்று தனியாகக் கேளுங்கள். 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை பிரிட்டனில் கார் சீட் கட்டாயம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். விபத்து என்றால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு, அதில் கூரை, கண்ணாடி, டயர், அடிப்பாகம் அடங்குமா என்பது ஒன்று. வண்டியைத் தாமதமாகத் திருப்பினால் என்ன அபராதம் என்பது மற்றொன்று. காற்று பலமாக வீசினால் கப்பல் போகாது. ரத்தானால் ஃபெரிக்காரர் அடுத்த கப்பலில் இடம் தருவார், அல்லது பணத்தைத் திருப்பித் தருவார். வாடகைக் கம்பெனியின் அபராதத்தை அவர் கட்டமாட்டார். ஆகவே வண்டியைத் திருப்ப வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் தீவில் இருக்காதீர்கள். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வாடகை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், கம்பெனி கைவிட்டாலும் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். ஒன்று மட்டும்: ஆன்லைனில் வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாம் என்ற விதி, குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் வாடகை வண்டிக்குச் செல்லாது.

கேள்வி: ஸ்காட்லாந்தில் எங்கு வேண்டுமானாலும் இரவு தங்கலாம், சட்டமே அனுமதிக்கிறது என்கிறார்களே?

பதில்: கூடாரத்துக்கு அது உண்மை, வண்டிக்கு இல்லை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் கூடாரம் போடுபவருக்கும் உரிமை தருகிறது. மோட்டார் வண்டிகளை அது சேர்க்கவில்லை. நிலத்துக்காரர் சம்மதித்தால் தங்கலாம். தீவுகளில் பல ஊர்களில் சிறு தொகை வாங்கிக்கொண்டு தங்க விடுகிறார்கள். உண்டியல் பெட்டி வைத்திருந்தால் காசைப் போட்டுவிடுங்கள், யாரும் பார்க்கவில்லை என்றாலும். ஹாரிஸ், அதற்குத் தெற்கே உள்ள யூயிஸ்ட் தீவுகளின் கடற்கரைகளை ஒட்டிய பூப்புல்வெளி மணல்மேல் படர்ந்தது. ஒரு வண்டி ஏறி இறங்கினாலே தடம் விழுந்து மணல் கிளம்பும், அதன்மேல் ஏற்றாதீர்கள். டாய்லெட் கேசட்டை (கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டி) அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வேன்கள்மேல் கோபம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான்.

கேள்வி: ஒரு டீலரிடம் 2012 மாடல் மோட்டார்ஹோம் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. படுக்கைக்கு மேல் மூலையில் சுவர் மெத்தென்று அமுங்குகிறது. "பார்த்த நிலையில் விற்றது" என்று ரசீதில் எழுதியிருக்கிறது, வேண்டுமானால் சிலிக்கான் பூசித் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: பூச விடாதீர்கள். தனித்தனிப் பலகைகளை இணைத்துக் கட்டும் மோட்டார்ஹோமில் மூட்டு வழியே தண்ணீர் இறங்குவதுதான் பெரிய வியாதி. விரலுக்கு அமுங்குகிறது என்றால் உள்ளே மரச்சட்டம் ஊறியிருக்க வாய்ப்பு அதிகம். மேலே பூசினால் தடயம் மறையும், ஈரம் உள்ளேயே நிற்கும்.

வியாபாரியிடம் வாங்கியவருக்கு அந்த ரசீது வாசகம் எதையும் பறிக்காது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கையில் வாங்கிய 30 நாளுக்குள் குறையுள்ள பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். வாங்கும்போதே குறை இருந்தது என்று இந்தக் கட்டத்தில் காட்ட வேண்டியவர் நீங்கள். எனவே இந்த வாரமே வெளி மெக்கானிக் ஒருவரை வைத்து ஈரமானியால் சுவர் முழுக்க அளந்து அறிக்கை வாங்குங்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் கவலைக்குரியது. "நிராகரிக்கிறேன்" என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதுங்கள். போனில் பேசியதைப் பின்னால் நிரூபிப்பது கஷ்டம். வண்டியை ஓட்டுவதையும் நிறுத்துங்கள். 30 நாள் கடந்துவிட்டால் ஒரு முறை பழுதுபார்க்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அது பலிக்காவிட்டால் நிராகரிக்கலாம். ஆனால் ஓட்டியதற்கென்று ஒரு தொகையைக் கழிப்பார். பழுதுபார்த்துத் தருகிறேன் என்று சொல்லி டீலர் நாளைக் கடத்தப் பார்ப்பது இதற்காகத்தான்.

இதே வண்டியைத் தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பில் பாதிகூட இல்லை.

கேள்வி: வேனில் சாம்பார், ரசம் என்று சமைக்கலாமா?

பதில்: சமைக்கலாம், தாளிப்பதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். குக்கர் நாலு விசில் அடித்தால் அந்த ஆவி முழுவதும் கூரையில் முத்து முத்தாகக் கோத்து, ராத்திரி உங்கள் நெற்றியில் சொட்டும். கூரை ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாடை நின்றால் சுத்தம் செய்யும் கட்டணம் போடும் கம்பெனிகள் உண்டு. மெத்தை உறைக்கு மேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துவிடுங்கள். ஃபெரியில் ஏறுமுன் கேஸ் சிலிண்டரை அதன் தலையிலேயே மூட வேண்டும், அடுப்புத் திருகை மூடினால் போதாது.

மளிகையையும் டீசலையும் சனிக்கிழமையே நிரப்பிவிடுங்கள். லூயிஸ், ஹாரிஸில் ஞாயிறு ஓய்வுநாள், பெரும்பாலான கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும் மூடியிருக்கும். ஸ்டோர்னோவேக்கு ஞாயிறு ஃபெரி வந்ததே 2009-இல்தான். அங்குள்ள டெஸ்கோ ஞாயிறு திறக்க 2024 ஆகிவிட்டது. தெற்கே கத்தோலிக்கர்கள் அதிகம் உள்ள தெற்கு யூயிஸ்ட், பாரா தீவுகளில் இவ்வளவு கண்டிப்பு இல்லை.

ஜூலை என்பதால் மிட்ஜ் என்ற பொடிக்கொசுவும் இருக்கும். காற்று அடிக்கும்போது அது பறக்காது. அதனால் மரத்தடியையும் பள்ளத்தையும் விட்டுவிட்டுக் காற்றுப்படும் மேட்டில் வண்டியை நிறுத்துங்கள். தலைவலை நாலு பேருக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், விலை சொற்பம்தான்.